பஃபர் மறைத்த தேய்மானம்: தினமும் ஓடிய போர்ட்டபிள் சிடி பிளேயரின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1990களின் பிற்பகுதி வடிவமைப்பில் வந்த மெல்லிய போர்ட்டபிள் சிடி பிளேயர். இரண்டு டபுள்-ஏ செல், 4.5 வோல்ட் அடாப்டர், அதிர்வின்போது பாட்டு அறுந்துபோகாமல் காக்கும் 16 மெகாபிட் பஃபர் நினைவகம், 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக், வெளி ஆம்ப்ளிஃபயரில் இணைக்கத் தனியே ஒரு லைன்-அவுட். பல ஆண்டுகள் அன்றாடம் ஓடிய கருவி. எல்லாக் குறைகளும் ஒரே பிளேயரில் ஒன்றாக வருவது அபூர்வம். இவ்வகைக் கருவிகளில் திரும்பத் திரும்பக் காணும் தேய்மானங்களை ஒரு மாதிரிக் கருவியின் மேல் வைத்து, சோதிக்கவேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறோம்.

புகார்கள் ஐந்து. நடக்கும்போது பாட்டு நின்று நின்று வருகிறது. வீட்டில் எழுதிய சிடி-ஆர் வட்டுகளுக்குச் சில நேரம் 'நோ டிஸ்க்' காட்டுகிறது. நீளமான வட்டுகளில் பாதிக்கு மேல் ஓரிடத்தில் திக்குகிறது. புது செல் போட்டாலும் சீக்கிரமே பேட்டரிக் குறி மினுக்குகிறது. ஹெட்போனில் இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர் சொல்லும் ஒரே தீர்ப்பு, 'லேசர் போய்விட்டது' என்பதுதான். அந்தத் தீர்ப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கவேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. லேசர் தேயாது என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் கெடக்கூடிய நான்கைந்து சங்கதிகள் அதே அறிகுறிகளைக் காட்டும், அவை எல்லாமே கையால் சரிசெய்யக்கூடியவை.

பஃபரை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

1984இல் வந்த சோனி டி-50 போன்ற ஆரம்பக் கருவிகளில் பஃபர் கிடையாது. லேசர் தடம் தவறினால் அந்த நொடியே காதுக்குத் தெரியும். 1990களில் பஃபர் வந்ததும் நிலைமை மாறியது. சிடியிலிருந்து ஒலித்தரவு வரும் வேகம் நொடிக்கு 14,11,200 பிட். 16 மெகாபிட் நினைவகத்தில் அதை அப்படியே வைத்தால் ஏறக்குறைய 12 நொடி கொள்ளும். நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்தால் 40 நொடியைத் தாண்டும். கருவியின் மேல்மூடியில் 10 நொடி, 40 நொடி என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதுதான். இந்தக் கையிருப்பை நிரப்புவதற்காக வட்டை ஏறக்குறைய இரட்டை வேகத்தில் சுழற்றுகிறார்கள். தடம் தவறினால் பிக்கப் (லேசரும் லென்ஸும் சேர்ந்த படிப்புப் பகுதி) பின்னால் போய், வட்டில் பதிந்திருக்கும் நேரக்குறியைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்கும். அதுவரை காதுக்குப் போவது கையிருப்புதான்.

கருவி வயதாக ஆக இந்த மறுபடிப்புகள் கூடிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு ஒன்று என்று இருந்தது பத்தாகும். பாட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. கையிருப்பு தீரும் வேகம் நிரம்பும் வேகத்தை மிஞ்சும் நாளில்தான் முதல் தடங்கல் கேட்கும். பயன்படுத்துகிறவருக்கு அது நேற்றுவரை நன்றாக ஓடிய கருவி இன்று திடீரென்று கெட்டதுபோலத் தோன்றும். உண்மையில் தேய்மானம் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு மறுபடிப்பிலும் பிக்கப்பை நகர்த்தும் ஸ்லெட் மோட்டாரும், லென்ஸை ஏற்றி இறக்கும் ஃபோகஸ் சுருளும் கூடுதலாக மின்சாரம் இழுக்கின்றன.

எனவே முதல் சோதனைக்குக் கருவியைத் திறக்கவே வேண்டாம். மேசையில் அசையாமல் வைத்து, பஃபர் பொத்தானை அணைத்து, கீறலில்லாத, ஆலையில் அச்சிட்ட முழுநீள வட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட வேண்டும். தடங்கல் வரும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பஃபரை அணைக்க வழியில்லாத கருவியானால் காதை மூடியில் வைத்து இயக்கத்தின் ஓசையைக் கேட்கலாம். நல்ல நிலையில் உள்ள பிளேயர் கையிருப்பை நிரப்பிய பிறகு சீரான இடைவெளியில் மெல்லிய டிக் ஓசை எழுப்பும். நினைவகம் காலியாகும்வரை பிக்கப் ஓரிடத்தில் காத்திருக்கும் ஓசை அது. தேய்ந்த கருவியில் அந்தச் சீர் இருக்காது. கரகரப்பு, மோட்டார் வேகம் கூடிக் குறைதல், இடைவிடாத தேடல் எல்லாம் கேட்கும். இன்னொரு வழியும் உண்டு. அடுத்த பாட்டுக்குத் தாவிய உடனே, கையிருப்பு நிரம்பும் முன் முதல் நொடிகளில், மூடியை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். அப்போது கேட்பது இயக்கத்தின் உண்மையான நிலை.

இதே சோதனையை அதே வட்டின் சிடி-ஆர் நகலில் செய்தால் படம் இன்னும் தெளிவாகும். அச்சிட்ட வட்டு தன்மேல் விழும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சிடி-ஆர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம் மட்டுமே. ஒளி பலவீனமாக ஆகும் கருவி முதலில் சிடி-ஆர்டபிள்யூவையும், பிறகு சிடி-ஆரையும், கடைசியில் அச்சிட்ட வட்டையும் கைவிடும். நம் கருவி நடுப்படியில் நிற்கிறது. ஒளிப்பாதையில் எங்கோ இழப்பு இருக்கிறது என்று இதிலிருந்தே சொல்லலாம். எங்கே என்று இன்னும் சொல்ல முடியாது.

தடங்கல் வரும் இடமும் பேசும். எந்த வட்டைப் போட்டாலும் அதே நிமிடத்தில் திக்கினால் கோளாறு ஸ்லெட் பாதையில்: தண்டில் அழுக்கு, உறைந்த கிரீஸ், அல்லது பல்சக்கரத்தில் சிக்கிய தூசு. வட்டுக்கு வட்டு இடம் மாறினால் குறை வட்டில். தொடக்கத்திலேயே தோற்றால், அதாவது உட்பகுதியில் இருக்கும் பொருளடக்கத்தையே படிக்க முடியாவிட்டால், லென்ஸ், மோட்டார் தொடக்கம், பிக்கப் உள்ளோரத்தை எட்டியதைச் சொல்லும் சிறு சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. சாதாரண வேகத்தில் ஓடும்போது உள்ளோரத்தில் வட்டு நிமிடத்துக்குச் சுமார் 500 முறை, வெளியோரத்தில் சுமார் 200 முறை சுழலும். பலவீனமான மோட்டார் உள்ளோரத்தில்தான் முதலில் திணறும். வட்டின் வளைவும், வட்டு உட்காரும் மோட்டார் தலையின் சாய்வும் வெளியோரத்தில்தான் அதிகம் தெரியும். நம் கருவியில் ஒரே நிமிடத்தில் வரும் திக்கலும், சிடி-ஆர் மறுப்பும் இருப்பதால் குறைந்தது இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு.

மின்சாரம்: அளக்கவேண்டிய இடம்

செல்லை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் வைத்து 1.5 வோல்ட் பார்த்துவிட்டு 'செல் நன்றாக இருக்கிறது' என்று முடிவுகட்டுவது பயன்படாத அளவீடு. வட்டு நின்றிருக்கும்போது கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் அது பல மடங்கு ஏறும். அப்போது செல்லின் இரு முனையிலும் ஒருமுறை, மின்சுற்றுப் போர்டில் செல் கம்பிகள் சேரும் இடத்தில் ஒருமுறை அளக்கவேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்டைத் தாண்டினால் தொடுமுனைகளில் தடை இருக்கிறது. தொடக்கத்தில் 500 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவியில் அரை ஓம் தடை என்றாலே கால் வோல்ட் அங்கேயே போய்விடும். மொத்தமே 2.4 முதல் 3 வோல்ட்டில் ஓடும் கருவிக்கு இது பெரிய இழப்பு. செல்லில் சக்தி மிச்சமிருக்கும்போதே பேட்டரிக் குறி மினுக்குவது இதனால்தான்.

தொடுமுனையில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது ஆல்கலைன் செல் கசிந்ததன் தடம். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு; காற்றுபட்டு வெள்ளைப் படிவமாகிறது. காரப்பொருள் என்பதால் தண்ணீர் மட்டும் போதாது. கையுறை போட்டு, காய்ந்த பொருக்கை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, வெள்ளை வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் தொடுமுனையை மட்டும் துடைக்கவேண்டும். நுரை அடங்கியபின் சுத்திகரித்த நீரால் ஒருமுறை, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து உலரவிட வேண்டும். உப்புத்தாளால் தேய்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மேல்பூச்சு போனபின் தொடுமுனை சீக்கிரம் துருப்பிடிக்கும். பூச்சு ஏற்கெனவே போயிருந்தால் தொடுமுனையையே மாற்றுவது நல்லது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நுனியை மெல்ல வெளியே இழுத்தால் போதும்.

அடாப்டர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இல்லாத பழைய 4.5 வோல்ட் அடாப்டர், சுமை இல்லாதபோது 6 வோல்ட்டுக்கும் மேல் காட்டுவது இயல்பு. அதன் உள்ளே மின்தேக்கி காய்ந்திருந்தால் ஹெட்போனில் ரீங்காரம் கேட்கும். முனையின் நடுவே நேர்மின்னா எதிர்மின்னா என்பது கருவிக்குக் கருவி மாறும். உடலில் அச்சிட்ட குறியோடு அடாப்டரின் குறியை ஒப்பிடாமல் செருகக்கூடாது. கருவிக்குள்ளேயே செல்லைச் சார்ஜ் செய்யும் வசதி இருந்தால், அடாப்டர் செருகும் முன் ஆல்கலைன் செல்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

லென்ஸ்

ஒளியிழப்பின் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் லென்ஸ் துடைப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது விளங்கும். 780 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளி, லென்ஸ் வழியாக ஏறி வட்டில் பட்டு, அதே லென்ஸ் வழியாகத் திரும்பி இறங்குகிறது. புகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசு சேர்ந்த படலம் 20 சதவீத ஒளியைத் தடுத்தால், போகவர இரண்டுமுறை தடுத்து 64 சதவீதமே உணரிக்கு வந்துசேரும். லேசரின் வெளிச்சத்தைச் சீராக வைக்கும் சுற்று இந்த இழப்பைப் பார்ப்பதே இல்லை. அது லேசர் ஒளியை உண்டாக்கும் டயோடின் பின்பக்கம் உள்ள உணரியை மட்டும் கவனிக்கிறது. லென்ஸின் மேல் என்ன படிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிறகு வரும் ஆம்ப்ளிஃபயர் ஓரளவு ஈடுகட்டும். அதற்கும் எல்லை உண்டு, சிடி-ஆர் அந்த எல்லையை முதலில் தொடும்.

வட்டின் அடிப்பரப்பில் விழும் தூசு அவ்வளவு பாதிப்பதில்லை. 1.2 மி.மீ. பாலிகார்பனேட் தடிமனின் வெளிப்பரப்பில் ஒளிவட்டம் 0.7 மி.மீ. அளவில் விரிந்திருக்கும்; தகவல் பரப்பில்தான் 2 மைக்ரானுக்கும் குறைவாகக் குவியும். தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். லென்ஸ் எப்போதும் திறந்தே கிடக்கிறது. வட்டோ உறைக்குள் போய்விடுகிறது. அதனால் துடைக்கவேண்டியது முதலில் லென்ஸ்.

செய்முறை இது. செல்லையும் அடாப்டரையும் எடுத்துவிடுங்கள். கையடக்க ஊதுகுழாயால் நாலைந்து முறை ஊதித் தளர்ந்த தூசை அகற்றுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் படியும். அழுத்தக்காற்று டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் திரவம் பீய்ச்சும், அதையும் தவிர்க்கலாம். புதிய பஞ்சுக்குச்சியில் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு, துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவது. அழுத்தாமல், குச்சியின் எடை மட்டும் படும்படி நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு மூன்று சுற்று போதும். அடுத்து உலர்ந்த குச்சியால் ஒரு சுற்று. ஈரம் அதிகமானால் ஆல்கஹால் லென்ஸின் ஓரம் வழியாகக் கீழே இறங்கி, அடியிலுள்ள சாய்கண்ணாடியில் அழுக்கைக் கொண்டுபோய் வைக்கும். அப்புறம் பிக்கப்பைக் கழற்றாமல் அதைத் துடைக்க முடியாது. அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, கண்ணாடித் துடைப்பான் எதுவும் கூடாது. லென்ஸ் பிளாஸ்டிக், மேலே மெல்லிய பூச்சு வேறு இருக்கும். ஐந்து நிமிடம் உலரவிட்டு, லென்ஸை நுனியால் இம்மியளவு கீழே தள்ளிப் பாருங்கள். தானாக, தடையின்றி மேலே வரவேண்டும்.

தூரிகை ஒட்டிய 'கிளீனிங் டிஸ்க்' தளர்ந்த தூசுக்கு உதவும், பிசுக்குக்கு உதவாது. ஆழம் குறைந்த மெல்லிய கருவிகளில் தூரிகை லென்ஸை ஒருபக்கமாக இடித்துத் தள்ளுவதும் உண்டு. நாங்கள் பஞ்சுக்குச்சியையே தேர்வோம்.

மூடியைத் திறந்துவைத்து, மூடி சுவிட்சை அழுத்தி இயக்கினால் லென்ஸ் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் தேடுவது தெரியும். ஃபோகஸ் சுருள் உயிரோடிருக்கிறது என்பதற்கு அது சான்று. இந்தச் சோதனையில் லென்ஸுக்கு நேர்மேலே கண்ணை வைக்கக்கூடாது. 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். அந்த மங்கலை வைத்து அதன் வலிமையை எடைபோடக்கூடாது. பக்கவாட்டிலிருந்து, ஒரு அடி தள்ளி, கணநேரம் பார்த்தால் போதும்.

நம் கருவியில் லென்ஸ் துடைத்தபின் சிடி-ஆர் திரும்பவும் ஏற்கப்படுகிறது. ஒரே நிமிடத்தில் வரும் திக்கல் போகவில்லை. அது லென்ஸின் வேலை அல்ல.

ஸ்லெட் பாதையும் வறண்ட கிரீஸும்

பிக்கப்பை உள்ளிருந்து வெளியே நகர்த்துவது ஒரு சிறு மோட்டார், இரண்டு மூன்று பல்சக்கரம், பல்வரி (பிக்கப்போடு சேர்ந்த பல்வெட்டிய நேர்ப்பட்டை), இரண்டு வழுவழுப்பான தண்டு. ஒரு மணி நேரத்துக்கும் மேலான வட்டு முழுவதற்கும் பிக்கப் நகரும் தூரம் 33 மி.மீ. அளவே. அத்தனை மெதுவான நகர்வில் சிறு உராய்வுகூடப் பெரிய தடை. பாதையில் ஒரு பிசின்துளி இருந்தால் ஸ்லெட் அங்கே நிற்கும். லென்ஸ் மட்டும் தன் எல்லைவரை வெளிப்பக்கம் சாய்ந்து தடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லை மீறியதும் தடம் நழுவும். அதே நேரத்தில் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தம் ஏறி ஸ்லெட் துள்ளி முன்னால் போய்விடும். பஃபர் அணைந்த நிலையில் காதில் கேட்பது இந்தத் துள்ளல்தான்.

திறப்பதற்கு நுனி தேயாத 0 எண் பிலிப்ஸ் திருப்புளி வேண்டும். திருகுகள் அடிப்பக்கத்திலும் செல் அறைக்குள்ளும் இருக்கும். நீளம் ஒன்றுபோல இருக்காது. நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் போட்டால் போர்டைத் துளைக்கும். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றிய இடத்தின் வரைபடத்தின்மேல் ஒட்டிவையுங்கள். இயக்கப்பகுதியிலிருந்து போர்டுக்குப் போகும் தட்டை ரிப்பன் கேபிளை இழுக்கும் முன் சாக்கெட்டின் பூட்டை நகத்தால் தளர்த்தவேண்டும். லேசர் டயோடு உடலின் நிலைமின்சாரத்துக்கே கெட்டுப்போகும். மணிக்கட்டுப் பட்டை அணிந்து, அதைத் தரையிணைத்த பின்னரே கேபிளைத் தொடுங்கள்.

தண்டிலும் பல்சக்கரத்திலும் பழைய கிரீஸ் தேன்நிறத்தில் கெட்டிப்பட்டிருக்கும். அதன் மேலேயே புது கிரீஸ் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் கலந்து இன்னும் ஒட்டும். ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் தண்டைத் துடைத்து, பல்லிடுக்குகளைக் கூர்மையான மரக்குச்சியால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யவேண்டும். பிக்கப்பை விரலால் தள்ளாமல், மோட்டாரின் சக்கரத்தைச் சுழற்றியே நகர்த்துங்கள். பிளாஸ்டிக்கை அரிக்காத செயற்கை கிரீஸ் தண்டுக்குக் கடுகளவு, சக்கரங்களுக்கு அதில் பாதி. தையல் இயந்திர எண்ணெய் ஓடிப் பரவி லென்ஸில் ஏறும். துருநீக்கும் தெளிப்பான் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யலாம்.

பல பிக்கப்களில் பல்வரி இரண்டு அடுக்காக, நடுவே சிறு ஸ்பிரிங்கோடு இருக்கும். சக்கரத்தோடு சேர்க்கும்போது ஒரு அடுக்கை ஒரு பல் அளவு நகர்த்தி, ஸ்பிரிங் இழுவையில் இருக்கும்படி பொருத்தவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் சக்கரத்துக்கும் பல்வரிக்கும் இடையே ஆட்டம் இருக்கும். சுத்தம் செய்தும் திக்குகிறதே என்று மறுபடி திறக்க நேரும்.

இதே திறப்பில் அதிர்வு தாங்கும் ரப்பர்களையும் பாருங்கள். இயக்கப்பகுதி மூன்று நான்கு ரப்பர் குமிழ்களில் மிதக்கிறது. வயதானால் அவை கெட்டியாகும், அல்லது பிசுபிசுவென்று இளகும். கெட்டியான ரப்பர் ஒவ்வொரு காலடியையும் அப்படியே பிக்கப்புக்குக் கடத்தும். நம் கருவியில் நடக்கும்போது நிற்பதற்கு இதுவே காரணம்: அந்த ஒரே நிமிடத் திக்கலைத் தவிர மேசையில் தடங்கலில்லை, கையில் தடங்கல். ஒரே அளவுள்ள மென்மையான ரப்பரை எல்லா இடத்திலும் ஒன்றாக மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இயக்கம் சாய்ந்து உட்காரும்.

மோட்டார் தலை

வட்டு வந்து பதியும் தலையில் ஸ்பிரிங் வைத்த மூன்று குண்டுகளோ பிளாஸ்டிக் நகங்களோ இருக்கும். நகம் உடைந்தால் வட்டு வழுக்கும். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத குறை தலையின் உயரம். தலை மோட்டாரின் தண்டில் இறுக்கி ஏற்றப்பட்டது. ஆண்டுக்கணக்கில் வட்டை அழுத்திப் பதித்தால் சிறிது சிறிதாகக் கீழிறங்கும். லென்ஸின் ஃபோகஸ் வரம்பு ஒரு மில்லிமீட்டரின் பின்னங்களில் இருப்பதால், தலை சற்று இறங்கினாலும் ஒரு பக்க எல்லை கைமீறும். வளைந்த வட்டுகள் முதலில் மறுக்கப்படும். வட்டைப் போடும்போது தலைக்கு ஒட்டிய வளையத்தில் இரு விரலால் அழுத்துங்கள். எடுக்கும்போது கட்டைவிரலால் தலையை அழுத்திக்கொண்டு ஓரத்தைத் தூக்குங்கள். ஓரத்தை மட்டும் பிடித்துப் பிடுங்கினால் தண்டு வளையும்.

லேசரைச் சோதிக்கும் நேரம் இப்போது

இவ்வளவுக்கும் பிறகும் அச்சிட்ட நல்ல வட்டு தடுமாறினால் மட்டுமே லேசர். பல பிக்கப்களின் ஒட்டுச்சீட்டில் அச்சிட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் அந்த டயோடுக்கு ஆலையில் அளந்த மின்னோட்டத்தைச் சொல்லும். 473 என்றால் 47.3 மில்லி ஆம்பியர். லேசரை ஓட்டும் டிரான்சிஸ்டரோடு தொடராக உள்ள சிறு மின்தடையின் இரு முனையில் மின்னழுத்தத்தை அளந்து, தடையின் மதிப்பால் வகுத்தால் இன்றைய மின்னோட்டம் கிடைக்கும். மின்தடை 22 ஓம், அளவு 1.04 வோல்ட் என்றால் 47.3 மில்லி ஆம்பியர், தேய்மானமில்லை. சீட்டு எண்ணைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தால் டயோடு முதுமை அடைந்துவிட்டது: அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் கேட்கிறது. மின்னலையைத் திரையில் வரைந்துகாட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால், வட்டிலிருந்து படித்த சமிக்ஞை வரும் ஆர்எஃப் சோதனைமுனையில் 'ஐ பேட்டர்ன்' எனும் அலைவடிவத்தைப் பாருங்கள். வைர வடிவங்கள் தெளிவாக, உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 1 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். மின்னோட்டம் சரி, வடிவம் மங்கல் என்றால் மீண்டும் லென்ஸ், சாய்கண்ணாடி பக்கம் போகவேண்டும்.

பிக்கப்பின் பக்கவாட்டில் உள்ள சிறு திருகுதடையைத் திருப்பி 'பவர் ஏற்றுவது' பரவலாகச் சொல்லப்படும் வழி. இதை உறுதியாக எதிர்க்கிறோம். அழுக்கு லென்ஸ் இருக்கும் கருவியில் திருப்பினால் உடனே படிக்கும். அதனால் வெற்றி என்று தோன்றும். டயோடு தன் வடிவமைப்பை மீறிய வெளிச்சத்தில் ஓடி, முன்முகம் எரிந்து, சில வாரங்களிலோ சில மணி நேரத்திலோ நிரந்தரமாகப் போகும். துடைத்திருந்தால் போதுமாயிருந்த பிக்கப்பை இப்படித்தான் கொல்கிறார்கள்.

புதிய பிக்கப் போட நேர்ந்தால், நிலைமின்சாரப் பாதுகாப்புக்காக அதன் ரிப்பனில் இரு புள்ளிகளை ஈயப்பற்றால் இணைத்திருப்பார்கள். கேபிளைச் செருகியபின் அந்தப் பற்றை உருக்கி எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் லேசர் எரியாது. புதுப் பிக்கப்பையே பழுது என்று தூக்கிப்போட நேரும்.

இடது பக்கம் ஏன் போனது

லைன்-அவுட்டில் இரு பக்கமும் கேட்டு, ஹெட்போன் ஜாக்கில் மட்டும் ஒன்று போனால் குறை ஜாக்கில். முனையை மெல்லச் சுழற்றும்போது வந்துவந்து போனால் பெரும்பாலும் ஜாக்கின் கால்களில் ஈயப்பற்று விரிசல். செருகிய ஒயரை வளைத்துப் பையில் திணிக்கும் அன்றாடப் பழக்கத்தின் விளைவு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஈயம் நன்றாகப் பற்ற உதவும் ஃப்ளக்ஸ் தடவி, 330 டிகிரி செல்சியஸ் அளவில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நொடியில் புது ஈயம் வைத்தால் போதும். பாட்டில் குரல் மட்டும் மறைந்து, வாத்தியங்கள் குகைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டால் இரு பக்கத்துக்கும் பொதுவான தரைக்கால் விட்டிருக்கிறது. நடுவே வைத்துக் கலந்த குரல் இரு பக்கத்திலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கிறது. இந்த அறிகுறியை ஆம்ப்ளிஃபயர் பழுது என்று எண்ணி ஐசியை மாற்றுவது வீண்.

1980களின் இறுதி, 1990களின் தொடக்க வடிவமைப்புகளில் போர்டின் மேல் நேரடியாகப் பற்றவைத்த சிறு அலுமினிய மின்தேக்கிகள் கசிவதும் உண்டு. ஒலி மெலிதல், கரகரப்பு, பற்றவைக்கும்போது மீன்வாடை ஆகியவை அடையாளம். அவற்றை எல்லாம் ஒருசேர மாற்றி, கசிந்த திரவத்தைக் கழுவவேண்டும்.

ஓடும் நாட்களுக்கு

வட்டைத் துடைப்பதானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு. சுற்றுவாக்கில் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும். பிழைதிருத்தம் முழுமையாக ஈடுகட்டுவது தடத்தின் வழியே சுமார் 2.5 மி.மீ. வரைதான். குறுக்கே விழும் கீறலை லேசர் ஒவ்வொரு சுற்றிலும் கணநேரத்தில் கடந்துவிடும். உண்மையான ஆபத்து அச்சிட்ட மேல்பக்கத்தில். அலுமினியப் படலத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே அங்கே மெல்லிய வார்னிஷ் மட்டுமே உண்டு. அது பெயர்ந்தால் எந்த மெருகும் மீட்காது.

குளிரிலிருந்து வெப்பமான அறைக்கு வந்த கருவியை ஒரு மணி நேரம் அணைத்தே வைத்திருங்கள். லென்ஸில் ஈரம் படிந்திருக்கும். நடக்கும்போது அசைவைவிட முறுக்கு கெடுதல்: வட்டின் சுழற்சித் திசையில் கருவி திடீரெனத் திரும்பினால் சுழல்வேகமே மாறித் தரவின் ஒத்திசைவு அறுந்துபோகும். இடுப்பில் தொங்கவிடுவதைவிட உடலோடு அணைந்த பையில் வைப்பது நல்லது. எம்பி3 படிக்கும் கருவியானால், நொடிக்கு 128 கிலோபிட் கோப்பில் அதே 16 மெகாபிட் நினைவகம் இரண்டு நிமிடத்துக்கு வரும். வட்டு பெரும்பாலும் நின்றே இருக்கும். மோட்டாரும் செல்லும் நீடிக்கும். மாதக்கணக்கில் பயன்படுத்தாதபோது செல்லை எடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்துவைக்காதீர்கள்.

பஃபரை வெளியில் போகும்போது போடுங்கள்; மேசையில் அணைத்துவிடுங்கள். சுருக்கிவைக்கும் முறையில் ஒலியின் நுணுக்கம் கொஞ்சம் குறைவதும் இதனால் தவிரும். மாதம் ஒருமுறை அதே சோதனை வட்டை பஃபரின்றி முழுதும் ஓட்டி, தடங்கல் நேரத்தைப் பழைய தாளோடு ஒப்பிட்டால் அடுத்த தேய்மானம் எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்பது முன்னதாகவே தெரியும்.

இத்தனை வேலையும் முடிந்த நம் கருவி அச்சிட்ட வட்டையும் சிடி-ஆரையும் முழுநீளம் படிக்கிறது. சிடி-ஆர்டபிள்யூவுக்கு இன்னமும் 'நோ டிஸ்க்' காட்டுகிறது. அதைப் பழுதாக எண்ணி மறுபடி திறக்கவேண்டியதில்லை. கால்பங்குக்கும் குறைவாக ஒளி திருப்பும் வட்டுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் இந்த வடிவமைப்பில் தொடக்கத்திலிருந்தே கிடையாது.